கார்ட்டூன் படங்களின் தொடக்கக் காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1892-ல் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் கையால் தீட்டிய படச்சுருள் ஓடியது. 1928-ல் மிக்கி மவுஸ் ஒலியோடு திரைக்கு வந்தது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலம்தான் இங்கே பேச்சு. கார்ட்டூன் வரலாறு என்றால் டிஸ்னியிலிருந்து தொடங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்படித் தொடங்கினால் பாதிக் கதை போய்விடும். பென்சில் பிடித்த கை யாருடையது, டைட்டிலில் வந்த பெயர் யாருடையது என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு அக்கறை அதிகம். பதில்களிலும் அது தெரியும்.

உலகின் முதல் கார்ட்டூன் படம் எது?

எதை கார்ட்டூன் படம் என்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். வரைந்த படங்களை அசையும்படி திரையில் காட்டி, டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் பார்த்தது என்றால் அது எமில் ரெய்னோவின் 1892-ம் ஆண்டுக் காட்சி. சினிமா கேமராவில் பிரேம் பிரேமாகப் படம்பிடித்து வரைபடத்துக்கு அசைவு கொடுத்தது என்றால், அமெரிக்காவில் ஜே. ஸ்டூவர்ட் பிளாக்டன் 1906-ல் எடுத்த ‘ஹியூமரஸ் ஃபேஸஸ் ஆஃப் ஃபன்னி ஃபேசஸ்’. தொடக்கத்திலிருந்து முடிவு வரை வரைபடங்களின் அசைவாலேயே ஆன சினிமா என்றால், பிரான்சில் எமில் கோல் 1908-ல் வெளியிட்ட ‘ஃபாண்டஸ்மகோரி’.

ஒரே ஒரு பெயர்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் கோலின் பெயரைச் சொல்வேன். இன்று கார்ட்டூன் என்றதும் நம் மனதில் வருவது எதுவோ அதை முழுதாகச் செய்து காட்டியவர் அவர்தான்.

சினிமாவே 1895-ல்தானே வந்தது? 1892-ல் எப்படிப் படம் ஓடியது?

லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணக் காட்சி நடத்தியது 1895 டிசம்பர் 28-ல். ரெய்னோ அதற்கு மூன்று ஆண்டுகள் முந்திவிட்டார். ஆனால் அவரிடம் கேமரா கிடையாது.

1877-ல் அவர் பிராக்ஸினோஸ்கோப் என்ற விளையாட்டுக் கருவியைச் செய்தார். சுழலும் உருளையின் உட்புறத்தில் படங்கள், நடுவில் கண்ணாடிகள். உருளையைச் சுற்றினால் கண்ணாடியில் தெரியும் உருவம் அசையும். ஆனால் பன்னிரண்டு படத்துக்குள் கதை சொல்ல முடியாது. அதனால் உருளையை விட்டுவிட்டு நீண்ட பட்டைக்கு மாறினார். சிறுசிறு ஜெலட்டின் சதுரங்களில் வண்ணத்தால் படம் தீட்டி, அவற்றை வரிசையாகக் கோத்து, படங்களுக்கு இடையே துளையிட்டு, கைப்பிடியால் சுற்றித் திரையில் விழவைத்தார். 1892 அக்டோபர் 28-ல் பாரிஸின் மியூசே கிரெவான் மெழுகுச் சிலை அருங்காட்சியகத்தில் முதல் பொதுக்காட்சி நடந்தது.

‘பாவ்ர் பியரோ’ என்ற படத்தில் 500 சித்திரங்கள். அவற்றை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 15 நிமிடம் காட்சி நடந்தது. எப்படி என்றால், ரெய்னோ தானே நின்று கையால் இயக்கினார். தேவைப்பட்ட இடத்தில் நிறுத்துவார், பின்னால் ஓட்டுவார், ஒரு அசைவைத் திரும்பத் திரும்பக் காட்டுவார். கூடவே காஸ்டன் போலான் அமைத்த இசை. 1900 வரை 12,000-க்கும் மேற்பட்ட காட்சிகள் நடந்தன, ஏறத்தாழ 5 லட்சம் பேர் பார்த்தார்கள்.

அப்புறம் சினிமா வந்தது. மாதக்கணக்கில் உட்கார்ந்து தீட்டும் படத்தால், கேமராவில் சில நிமிடங்களில் எடுக்கும் படத்தோடு போட்டிபோட முடியவில்லை. மனம் உடைந்த ரெய்னோ தன் படச்சுருள்களில் பெரும்பாலானவற்றை சேன் ஆற்றில் எறிந்துவிட்டார். 1918 ஜனவரியில் பாரிஸுக்கு அருகே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இறந்தார். ‘பாவ்ர் பியரோ’வும் ‘ஓதூர் துன் காபின்’ என்ற கடற்கரைப் படமும் மட்டும் தப்பின. அக்டோபர் 28-ஐ இன்று உலகெங்கும் அனிமேஷன் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அதற்கும் முன்னால் என்ன இருந்தது?

சுழலும் தட்டுகளும் உருளைகளும். பெல்ஜியத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜோசப் பிளாட்டோ 1832-ல் ஃபினகிஸ்டிஸ்கோப் என்ற தட்டைச் செய்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் ஆஸ்திரியாவின் சைமன் ஸ்டாம்ஃபரும் தனியாக அதையே கண்டுபிடித்தார். தட்டின் விளிம்பை ஒட்டிப் படங்கள், இடையிடையே கீறல்கள். கண்ணாடிமுன் பிடித்துச் சுழற்றிக் கீறல் வழியே பார்த்தால் உருவம் ஓடும், குதிக்கும். பார்வை பற்றியே ஆய்வு செய்த பிளாட்டோ பிற்காலத்தில் பார்வையை முழுவதும் இழந்தார்.

அசைவது போல் தோன்றுவதற்குக் காரணம் கண்ணில் பிம்பம் சற்று நேரம் தங்குவதுதான் என்று பாடப்புத்தகங்களில் படித்திருப்போம். அது முழு விளக்கம் ஆகாது. பிம்பம் வெறுமனே தங்கினால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பித்தான் போகும். அடுத்தடுத்த நிலைகளை ஒரே பொருளின் நகர்வாக மூளை எடுத்துக்கொள்கிறது. வேலையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

பிளாக்டன் செய்தது என்ன?

மேடையில் பேசிக்கொண்டே மளமளவென்று படம் வரைந்து காட்டும் வேடிக்கைக் கலைஞராக இருந்தவர். இங்கிலாந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர், பத்திரிகையிலும் வேலை பார்த்தார். 1900-ல் எடிசன் நிறுவனத்துக்காக ‘தி என்சான்டட் டிராயிங்’ எடுத்தார். அதில் காகிதத்தில் வரைந்த முகம் சட்டென்று சிரிக்கும், வரைந்த பாட்டில் கைக்கு வரும். கேமராவை நிறுத்தி மாற்றி மறுபடி ஓட்டும் தந்திரம் அது, அனிமேஷன் என்று சொல்ல முடியாது.

1906-ம் ஆண்டுப் படத்தில்தான் கரும்பலகையில் சாக்பீஸ் முகங்கள் தாமாகக் கண்ணை உருட்டுகின்றன, சுருட்டுப் புகை விடுகின்றன. சில இடங்களில் வெட்டிய காகித உருவங்களையும் பயன்படுத்தினார். மறுஆண்டு அவர் எடுத்த ‘தி ஹான்டட் ஹோட்டல்’ பிரான்சில் பெரிய பரபரப்பைக் கிளப்பியது. மேஜையில் கத்தி தானாக ரொட்டியை வெட்டுவது எப்படி என்று அங்கே இருந்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிளாக்டன் சீக்கிரமே இதை விட்டு, தான் பங்குதாரராக இருந்த வைட்டாகிராஃப் நிறுவனத்தின் மற்றப் படங்களுக்குப் போய்விட்டார்.

எமில் கோல் யார்?

1857-ல் பாரிஸில் பிறந்த கேலிச்சித்திரக்காரர். அந்தக் காலத்தின் பெரிய கேலிச்சித்திரக்காரரான ஆந்த்ரே ஜில்லிடம் தொழில் பயின்றவர். ‘ஒட்டாத கலை’ என்ற பொருளில் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, தர்க்கமே இல்லாத படங்களைக் காட்சிக்கு வைத்த பாரிஸ் கலைஞர் கூட்டத்திலும் இருந்தார். சினிமாவுக்கு வந்தபோது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

‘ஃபாண்டஸ்மகோரி’ 1908 ஆகஸ்ட் 17-ல் பாரிஸில் திரையிடப்பட்டது. வெளியிட்டது கோமோன் நிறுவனம். ஏறத்தாழ 700 வரைபடங்கள், ஒவ்வொன்றும் இருமுறை படம்பிடிக்கப்பட்டது. கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடிப் பலகையில் ஒரு தாளை வைத்து, அதன்மேல் இன்னொரு தாளை வைத்து, சிறு மாற்றத்தோடு நகலெடுத்துக்கொண்டே போனார். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. ஆனால் நெகட்டிவாக அச்சிட்டதால் திரையில் கரும்பலகையில் சாக்பீஸ் கோடுபோலத் தெரியும். பிளாக்டனின் சாயல் அதில் இருக்கிறது.

படம் இரண்டு நிமிடம்கூட இல்லை. கதை என்று எதையும் சொல்ல முடியாது. ஒரு கை கோமாளியை வரைகிறது. தியேட்டரில் பெரிய தொப்பி வைத்த பெண்மணி முன்வரிசையில் வந்து உட்கார்கிறாள், பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறது. பாட்டில் பூவாகிறது, யானை வீடாகிறது. ஒன்று இன்னொன்றாக உருமாறிக்கொண்டே இருக்கிறது, எங்கும் வெட்டு இல்லை. மனிதன் நடித்த எந்தப் படத்தாலும் செய்ய முடியாததை, கோட்டால் மட்டுமே முடிகிறதை, முதல் படத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். நூற்றாண்டு தாண்டியும் அது பழசாகவில்லை.

பின்னர் எக்லேர் நிறுவனத்துக்காக 1912-ல் அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஃபோர்ட் லீக்குப் போய், பத்திரிகையில் வந்த ‘நியூலிவெட்ஸ்’ படக்கதையைத் தொடர் கார்ட்டூனாக எடுத்தார். 1914-ல் அங்கே ஏற்பட்ட தீயில் அமெரிக்காவில் அவர் செய்தவற்றில் பெரும்பகுதி அழிந்தது. வறுமையில் இருந்த கோல் 1938 ஜனவரி 20-ல் இறந்தார். தந்திரக்காட்சிகளின் முன்னோடி ஜார்ஜ் மெலியஸ் இறந்தது அதற்கு மறுநாள்.

வின்சர் மெக்கேயை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

வரையத் தெரிந்தவர் என்பது முதல் காரணம். 1905 முதல் நியூயார்க் ஹெரால்டில் வந்த அவருடைய ‘லிட்டில் நீமோ’ ஞாயிறு பக்கங்களைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். கட்டடம், யானை, கப்பல் எதையும் எந்தக் கோணத்திலிருந்தும் வரைவார். அந்தக் கை அனிமேஷனுக்கு வந்தபோது உருவங்களுக்கு எடையும் பருமனும் வந்துவிட்டன.

1911-ல் நீமோ பாத்திரங்களை வைத்து ஏறத்தாழ 4,000 வரைபடங்களில் முதல் படம் எடுத்தார். வைட்டாகிராஃப் ஸ்டுடியோவில்தான் படப்பிடிப்பு, மனிதர்கள் வரும் காட்சிகளை இயக்கியவர் பிளாக்டன். மறுஆண்டு தூங்கும் ஆளைக் கடிக்கும் கொசுவைப் பற்றி ஒரு படம். பார்த்தவர்களில் பலர், மெக்கே ஏதோ கம்பி கட்டி இயக்குகிறார் என்று சந்தேகப்பட்டார்கள். சரி, யாரும் பொம்மை என்று சொல்ல முடியாத ஒன்றை வரைகிறேன் என்று அழிந்துபோன டைனோசரை எடுத்துக்கொண்டார்.

‘கெர்ட்டி’ 1914 பிப்ரவரியில் சிகாகோவின் பேலஸ் தியேட்டரில் அரங்கேறியது. சாட்டையோடு மெக்கே மேடையில் நிற்பார். கூப்பிட்டால் திரையில் கெர்ட்டி பாறைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டும். காலைத் தூக்கு என்றால் தூக்கும். திட்டினால் அழும். மெக்கே ஆப்பிளை எறிவது போல் பாவனை செய்ய, அது திரைக்குள் போய் கெர்ட்டியின் வாயில் விழும். கடைசியில் மெக்கே திரைக்குப் பின்னால் போய் மறைய, அதே நொடி வரைந்த மெக்கே திரைக்குள் வந்து டைனோசரின் முதுகில் ஏறிப் போவார்.

நீங்கள் படத்தை மட்டும் பார்க்கும்போது கெர்ட்டி மூச்சு விடுவதைக் கவனியுங்கள். எதுவும் செய்யாமல் நிற்கும்போதும் விலாப்புறம் ஏறி இறங்கும். மெக்கே தன் மூச்சையே நேரம் பார்த்து அளந்து அதை வரைந்தார். வம்பு, பிடிவாதம், கூச்சம் எல்லாம் அந்த மிருகத்துக்கு உண்டு. திரையில் அதற்கு முன் அசைந்த எந்த வரைபடத்துக்கும் இவ்வளவு தெளிவான குணம் கிடையாது.

இங்கே இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும்: ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ். கெர்ட்டி படத்தில் ஒவ்வொரு தாளிலும் மலையையும் மரத்தையும் ஏரியையும் திரும்பத் திரும்ப நகலெடுத்த இளம் உதவியாளர் அவர். பின்னணிக் கோடுகள் லேசாக நடுங்குவதைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான தடவை ஒரே மலையைக் கையால் வரைந்ததன் தடம் அது.

‘லூசிடானியா’ படம் கார்ட்டூனா?

ஆம், ஆனால் சிரிப்புக்கு இடமில்லாத கார்ட்டூன். 1915 மே 7-ல் ஜெர்மானிய நீர்மூழ்கி, லூசிடானியா என்ற பயணிகள் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அந்த நிகழ்வைப் படம்பிடித்த கேமரா எதுவும் இல்லை. மெக்கே அதை வரைந்தே காட்ட முடிவெடுத்தார். சொந்தச் செலவு, ஏறத்தாழ 25,000 வரைபடங்கள். 1918 ஜூலையில் வெளிவந்தது. ஆவணப்படத்துக்கு அனிமேஷனைப் பயன்படுத்தலாம் என்று இன்று பேசுபவர்கள் எல்லாம் இந்தப் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். போர்ப் பிரச்சாரமும் அதில் கலந்திருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டே பாருங்கள். ஆனால் கப்பல் சாயும்போது புகை சுருளும் விதத்தை இன்றும் ஓவியர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள்.

ஒவ்வொரு பிரேமுக்கும் எல்லாவற்றையும் மறுபடி வரைவது எப்போது நின்றது?

1914-15-ல். அப்போது மூன்று பேர் மூன்று வழி கண்டுபிடித்தார்கள்.

ராவுல் பாரே கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்தவர், நியூயார்க்கில் ஸ்டுடியோ வைத்தார். தாளில் அசையும் பகுதியை மட்டும் கிழித்தெடுத்து மாற்றும் முறை அவருடையது. தாள்கள் நகராமல் இருக்க, துளையிட்டு முளைகளில் மாட்டும் வழக்கத்தையும் அவரே கொண்டுவந்தார். கையால் வரையும் அனிமேஷனில் அந்த முளைகள் இன்றும் இருக்கின்றன.

ஜான் ராண்டால்ஃப் பிரே பின்னணியை ஒரு தடவை வரைந்து, அதையே நிறையத் தாள்களில் அச்சடித்துக்கொண்டார். உருவத்தை மட்டும் ஒவ்வொரு தாளிலும் வரைந்தால் போதும்.

எர்ல் ஹர்டின் யோசனைதான் நிலைத்தது. ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் உருவத்தை வரைந்து, ஒரே பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துப் படம்பிடிப்பது. இதைத்தான் ‘செல்’ என்கிறார்கள். கை மட்டும் அசைந்தால் கையை மட்டும் புதுச் செல்லில் வரையலாம், உடம்பு அப்படியே இருக்கும். பிரேயும் ஹர்டும் காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். செல் பயன்படுத்தும் எந்த ஸ்டுடியோவும் அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. 1932-ல் காப்புரிமைகள் காலாவதியாகும் வரை இது நீடித்தது.

பிரே மெக்கேயின் முறைகளைத் திருடினார் என்பது உண்மையா?

மெக்கே தன் முறைகளை ஒளித்துவைக்காதவர், கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினார். கெர்ட்டியை வரைந்துகொண்டிருந்தபோது பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவருக்கும் எல்லாவற்றையும் விளக்கினார் என்றும், அவர் பிரேதான் என்றும் சொல்லப்படுகிறது. பிறகு பிரே காப்புரிமை எடுத்தார், மெக்கேமீதே வழக்கும் போட்டார். வழக்கு மெக்கே பக்கம் தீர்ந்தது, சில ஆண்டுகள் அவருக்கு உரிமத்தொகை வந்தது.

பிரே வேலையைப் பிரித்துக் கொடுத்து, தேதி தவறாமல் படம் வெளியிடும் ஸ்டுடியோவை அமைத்தார். மேக்ஸ் ஃபிளெய்ஷர், பால் டெர்ரி, பின்னாளில் வுடி வுட்பெக்கரைத் தந்த வால்டர் லான்ட்ஸ் எல்லோரும் அங்கே வேலை பார்த்தவர்கள். அந்தப் பெருமை அவருக்கு உரியது. ஆனால் ஒருவர் மனமுவந்து சொல்லிக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு அவர்மீதே வழக்குப் போட்டதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ரோட்டோஸ்கோப் என்றால் என்ன?

நடிகரைப் படம்பிடித்து, அந்தப் படச்சுருளைக் கண்ணாடிமீது பிரேம் பிரேமாக விழவைத்து, அதன்மேல் தாள் வைத்து வரையும் கருவி. மேக்ஸ் ஃபிளெய்ஷர் 1915-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1917-ல் கிடைத்தது. முதலில் கோமாளி உடை போட்டு ஆடியவர் அவருடைய தம்பி டேவ். அந்தக் கோமாளிதான் ‘அவுட் ஆஃப் தி இங்க்வெல்’ தொடரில் மைக்கூட்டிலிருந்து குதித்து வரும் கோகோ. 1930-ல் பெட்டி பூப், 1933-ல் போபாய் எல்லாம் ஃபிளெய்ஷர் சகோதரர்களின் ஸ்டுடியோவில் பிறந்த படங்கள்.

ஃபீலிக்ஸ் பூனையை உருவாக்கியது யார்?

நீண்ட காலம் உலகம் பாட் சல்லிவன் என்று சொன்னது. வரைந்தவர் ஓட்டோ மெஸ்மர்.

சல்லிவன் ஆஸ்திரேலியாவிலிருந்து நியூயார்க் வந்து ஸ்டுடியோ நடத்தியவர். மெஸ்மர் அவரிடம் வேலை பார்த்தவர். 1919-ல் ‘ஃபீலைன் ஃபாலிஸ்’ என்ற படத்தில் ஒரு கறுப்புப் பூனை வந்தது, அப்போது அதன் பெயர் மாஸ்டர் டாம். சில மாதங்களில் ஃபீலிக்ஸ் ஆனது. இருபதுகளில் உலகத்திலேயே பிரபலமான கார்ட்டூன் பாத்திரம் அதுதான். பொம்மை, பீங்கான், பாட்டு என்று எல்லாவற்றிலும் அதன் முகம். ஒவ்வொன்றிலும் சல்லிவனின் பெயர் இருந்தது. படங்களை இயக்கி, வழிநடத்தி, பெரும்பகுதி வரைந்துகொண்டிருந்த மெஸ்மரின் பெயர் எதிலும் இல்லை.

அந்தப் பூனை நடிக்கும் விதத்தைப் பார்த்தாலே அதை வரைந்தவரின் பின்னணி புரியும். மெஸ்மர் அதற்கு முன் சார்லி சாப்ளினை வைத்துக் கார்ட்டூன்கள் செய்தவர், அதற்காகச் சாப்ளினின் அசைவுகளை ஊன்றிப் படித்தவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, யோசித்தபடி முன்னும் பின்னும் நடக்கும் ஃபீலிக்ஸின் நடை அங்கிருந்து வந்தது. பூனையின் வால் கேள்விக்குறியாக மாறும், கழன்று கைத்தடியாகும். ஒலி இல்லாத படத்தில் ஒரு மிருகம் யோசிப்பதைக் காட்டியது பெரிய சாதனை.

சல்லிவன் 1933-ல் இறந்தார். உருவாக்கியவர் சல்லிவன்தான் என்று ஆஸ்திரேலியாவில் இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. மெஸ்மரோ பல பத்தாண்டுகள் வெளியே சொல்லவே இல்லை. வரலாற்று ஆய்வாளர்கள் தேடிப் போய்ப் பேசிய பிறகுதான், முதுமையில், அவருக்கு உரிய பெயர் கிடைத்தது. 1983-ல் இறந்தார். என்னைக் கேட்டால், பள்ளி வினாடி வினாக்களில் இந்தக் கேள்விக்கு இனியாவது ‘மெஸ்மர்’ என்ற பதிலைச் சரி என்று கொள்ள வேண்டும்.

முதல் முழுநீளக் கார்ட்டூன் ‘ஸ்னோ ஒயிட்’தானே?

இல்லை. 1937 டிசம்பரில் வந்த ‘ஸ்னோ ஒயிட்’, செல் முறையில் எடுத்த முதல் முழுநீளப் படம். முழுநீள அனிமேஷன் அதற்கு இருபது ஆண்டு முன்பே அர்ஜென்டினாவில் வந்துவிட்டது.

இத்தாலியில் பிறந்து சிறுவயதில் புவெனஸ் அயர்ஸுக்கு வந்தவர் கிரினோ கிறிஸ்டியானி. 1917 நவம்பரில், 21 வயதில், ‘எல் அபோஸ்டல்’ என்ற படத்தைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 70 நிமிடம். அட்டையில் வெட்டிய உருவங்களை நகர்த்தி எடுத்த படம், 58,000 பிரேம்கள் என்று சொல்வார்கள். அப்போதைய அதிபர் இரிகோயனைப் பற்றிய அரசியல் நையாண்டி அது. நாட்டைச் சுத்தம் செய்ய அதிபர் வானுலகம் போய், இடிகளைக் கடன் வாங்கி வந்து ஊரையே எரித்துவிடுகிறார். இந்தக் கதையைப் பெரியவர்களுக்காகத்தான் எடுத்தார்கள், தியேட்டர்களில் நன்றாகவும் ஓடியது. முதல் ஒலி முழுநீள அனிமேஷனும் கிறிஸ்டியானியுடையதுதான், 1931-ன் ‘பெலூடோபொலிஸ்’.

இன்று இரண்டுமே இல்லை. தயாரிப்பாளர் ஃபெடரிகோ வாயேயின் ஸ்டுடியோவில் 1926-ல் ஏற்பட்ட தீயில் முதல் படம் போனது. மற்றவை பின்னாளில் கிறிஸ்டியானியின் சொந்த இடத்தில் நடந்த தீவிபத்துகளில் போயின. கையில் படம் இல்லாததால்தான் ‘ஸ்னோ ஒயிட்’ முதல் படம் என்ற பேச்சு இவ்வளவு எளிதாக ஊன்றிவிட்டது.

அப்படியானால் இன்று நம்மால் பார்க்க முடிகிற மிகப் பழைய முழுநீளப் படம் எது?

லோட்டே ராய்னிகரின் ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’, ஜெர்மனி, 1926. தோல்பாவைக் கூத்தைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அழகு உடனே பிடிபடும்: முகம் தெரியாது, வண்ண வெளிச்சத்தின்மேல் கறுப்பு உருவத்தின் ஓரம் மட்டுமே பேசும்.

கறுப்பு அட்டையையும் மெல்லிய ஈயத்தகட்டையும் கத்தரிக்கோலால் வெட்டி, மூட்டு மூட்டாகக் கம்பியால் இணைத்து, கண்ணாடி மேஜைமேல் கிடத்தி, கீழே விளக்கும் மேலே கேமராவும் வைத்து எடுத்தார். 1923-ல் தொடங்கும்போது அவருக்கு 24 வயது ஆகவில்லை அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது. பணம் போட்டவர் லூயி ஹாகன் என்ற வங்கிக்காரர். பணவீக்கத்தில் பணம் காகிதமாகிக்கொண்டிருந்த காலத்தில் அவர் படச்சுருளை வாங்கிச் சேர்த்துவைத்திருந்தார். போட்ஸ்டாமில் அவருடைய வீட்டுக் கார் கொட்டகைக்கு மேலே இருந்த இடம்தான் ஸ்டுடியோ. கணவர் கார்ல் கோக், வால்டர் ருட்மன், பெர்தோல்ட் பார்டோஷ் ஆகியோர் உதவினார்கள். பின்னணியை அடுக்கடுக்கான கண்ணாடித் தட்டுகளில் வைத்து ஆழம் காட்டும் முறையை இங்கே ராய்னிகர் குழு பயன்படுத்தியது, டிஸ்னியின் புகழ்பெற்ற பல அடுக்குக் கேமராவுக்குப் பத்தாண்டு முன்பே.

பெண்கள் வேறு யாரும் இல்லையா?

நியூயார்க்கில் மார்கரெட் விங்க்லர் இருந்தார். வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் ஹாரி வார்னரிடம் செயலாளராக இருந்துவிட்டு, தனியே கார்ட்டூன் விநியோகத்தில் இறங்கியவர். ஃபீலிக்ஸ், கோகோ இரண்டையும் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர் அவர். 1923-ல், நொடித்துப்போன நிலையில் இருந்த வால்ட் டிஸ்னி என்ற இளைஞருக்கு ‘ஆலிஸ்’ தொடருக்கான ஒப்பந்தம் கொடுத்தவரும் அவரே. அந்த ஒப்பந்தம்தான் டிஸ்னி ஸ்டுடியோவின் தொடக்கம். ஸ்டுடியோக்களில் செல்லின்மேல் மை இழுத்து வண்ணம் பூசிய பெண்களோ நூற்றுக்கணக்கானவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் படத்திலும் வரவில்லை.

டிஸ்னி எதில்தான் முதல்?

‘ஸ்டீம்போட் வில்லி’ 1928 நவம்பர் 18-ல் நியூயார்க் காலனி தியேட்டரில் வந்தது. அதைத்தான் முதல் ஒலி கார்ட்டூன் என்பார்கள். அது சரியல்ல. ஃபிளெய்ஷர் சகோதரர்கள் இருபதுகளின் நடுவிலேயே லீ டி ஃபாரஸ்டின் ஒலிமுறையில் பாட்டுப் படங்கள் எடுத்தார்கள். பால் டெர்ரியின் ‘டின்னர் டைம்’ கூட சில வாரங்கள் முந்தியது.

டிஸ்னி குழு செய்தது, ஒலியையும் அசைவையும் தாளத்துக்குக் கட்டியது. வில்ஃபிரட் ஜாக்சன் தாளமானியை வைத்து, ஒரு அடிக்கு இத்தனை பிரேம் என்று கணக்கிட்டுக் கொடுத்தார். அதனால் ஆட்டின் வாலைச் சுற்றினால் பாட்டு வருவதும், மிக்கி விசிலடிப்பதும் இம்மி பிசகாமல் பொருந்தின. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ‘டின்னர் டைம்’ ஏன் மறக்கப்பட்டது என்று புரியும்.

மிக்கியின் தொடக்கப் படங்களை வரைந்த கை அப் ஐவர்க்ஸுடையது. ‘பிளேன் கிரேஸி’ என்ற மிக்கி படத்துக்காக ஒரே நாளில் 700 வரைபடங்கள் வரை வரைந்தவர். அதற்கு முன் ஆஸ்வால்ட் என்ற முயல் பாத்திரம் டிஸ்னியின் கையைவிட்டுப் போனபோது, பெரும்பாலான ஓவியர்களும் கூடவே போனார்கள். ஐவர்க்ஸ் போகவில்லை. ‘ஸ்டீம்போட் வில்லி’யின் டைட்டிலில் வால்ட் டிஸ்னியின் பெயருக்குக் கீழே ஐவர்க்ஸின் பெயரும் இருக்கிறது. மெஸ்மருக்குக் கிடைக்காதது அது.

இந்தியாவில்?

தாதாசாகேப் பால்கேயிடமிருந்து தொடங்க வேண்டும். 1912-ல், சினிமா எடுக்க முடியும் என்று பணம் போடுபவரை நம்பவைக்க, பட்டாணி முளைத்துச் செடியாவதை இடைவெளி விட்டு விட்டுப் படம்பிடித்துச் சிறுபடமாக்கினார். 1915-ல் தீக்குச்சிகளை நகர்த்தி ‘அக்காட்யாஞ்சி மௌஜ்’ செய்தார், அது இன்று இல்லை. 1934-ல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் ‘தி பீ பிரதர்ஸ்’ என்ற கார்ட்டூனை வெளியிட்டது. முறையான பயிற்சி 1956-ல்தான் வந்தது. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து, அரசின் படத் தயாரிப்புப் பிரிவான ஃபிலிம்ஸ் டிவிஷனின் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர், பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று பெயர்பெற்ற ராம் மோகன்.

இவ்வளவு படங்கள் எப்படி அழிந்தன?

அந்தக்காலச் சுருள் நைட்ரேட்டால் ஆனது, பற்றினால் அணைக்க முடியாது. தீயில் தப்பியதும் காலப்போக்கில் கரைந்து பிசினாகிவிடும். படம் ஓடி முடிந்ததும் அதிலிருக்கும் வெள்ளிக்காகச் சுருளை உருக்கியவர்களும் உண்டு. ஜப்பானின் முதல் அனிமேஷன் படங்கள் 1917-ல் வந்தன, அவற்றில் பெரும்பாலானவை 1923 டோக்கியோ நிலநடுக்கத்தோடு போய்விட்டன. ஆனாலும் கோவுச்சி ஜுனிச்சியின் 1917 படமான ‘நமகுரா கதானா’ தொண்ணூறு ஆண்டு கழித்து ஒசாகாவில் பழம்பொருள் விற்பனையில் அகப்பட்டது. இன்னும் எங்கோ பெட்டிக்குள் கிடக்கலாம் என்ற நம்பிக்கையோடு தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

புதிதாகப் பார்ப்பவர் எதில் தொடங்கலாம்?

‘ஃபாண்டஸ்மகோரி’யில். சிறியது, இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. அடுத்து ‘கெர்ட்டி’. அதன் முன்பாதியில் ஓவியர்கள் விருந்தில் பந்தயம் கட்டும் காட்சி பின்னர் தியேட்டர்களுக்காகச் சேர்த்தது, பொறுமை இல்லாவிட்டால் நேரே டைனோசருக்குப் போகலாம். பிறகு ருஷ்யாவில் லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் இறந்த வண்டுகளின் கால்களில் கம்பி கட்டி எடுத்த 1912-ன் ‘கேமராக்காரனின் பழிவாங்கல்’. குழந்தைகளுக்கு அது பிடிக்கும், ஆனால் கதை கள்ளக்காதல் பற்றியது என்பதை நினைவில் வையுங்கள். அப்புறம் இருபதுகளின் ஏதாவது ஒரு ஃபீலிக்ஸ் படம். ‘அக்மத்’துக்கு ஒரு மாலை முழுதாக ஒதுக்குங்கள், வண்ணத்தோடு மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள். கறுப்பு வெள்ளைப் பிரதியில் ராய்னிகர் நினைத்த இரவும் விடியலும் இருக்காது.